அஞ்சலை அக்காவின் ஆள்காட்டி விரல்

எங்கள் நரம்புப் பரிசோதனைப் பிரிவுக்குப் புதிதாக ஒரு காந்தத் தூண்டல் கருவி வந்திருக்கிறது. தலையில் காயில் என்ற கம்பிச்சுருளை எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு கேமராவே பார்த்துத் திரையில் காட்டிவிடுகிறது. சற்று விலகினாலும் சிவப்பு விளக்கு எரிகிறது. அதைப் பார்க்க, ஓய்வுபெற்ற என்னை அழைத்திருந்தார்கள். கிளம்பும்போது இப்போதைய டெக்னீஷியன்கள் சூழ்ந்துகொண்டு, கேமரா இல்லாத காலத்தில் அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், மருத்துவமனை ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள் என்றார்கள். நீச்சல் தொப்பியும் பால்பாயிண்ட் பேனாவும் வைத்துத்தான் என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

கேலி இல்லை. ஆனால் அந்தத் தொப்பியைப் பற்றி எழுதினால் அஞ்சலை அக்காவைப் பற்றியும் எழுத வேண்டும். அவரைப் பற்றி எழுதினால் நான் செய்த ஒரு காரியத்தை மறைக்க முடியாது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் இரும்புலியூர்க்காரன். இயற்பியல் படித்தேன்; அந்தப் படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்காமல் நரம்புப் பரிசோதனை டெக்னீஷியன் பயிற்சியில் சேர்ந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. முழங்கையில் மின்சாரம் கொடுத்து, விரல் எவ்வளவு நேரம் கழித்துத் துடிக்கிறது என்று அளக்கும் வேலை. நோயாளிகள் எனக்கு வைத்த பெயர் ஷாக்கு சார். கேம்ப் ரோடு பேருந்தில் என்னைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டவர்கள் உண்டு.

தொண்ணூறுகளில் காந்தக் கருவி வந்தது. நல்ல கனம். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் சுற்றிய காயில் வழியாக ஒரு நொடியின் மிகச் சிறு பங்கு நேரத்துக்கு விடும். பொட்டு வெடி போல 'டப்' என்று ஒரு சத்தம். அந்த நேரத்தில் காயிலுக்கு அடியில் பிறக்கும் காந்தப்புலம் மண்டை ஓட்டைத் தாண்டிப் போய் மூளையைத் தொடும். கத்தி, ஊசி எதுவும் இல்லை. வலியும் பெரிதாக இல்லை. சரியான இடத்தில் வைத்தால் எதிர்ப்பக்கத்து விரல் தானாகத் துள்ளும்.

எங்கள் தலைவர் டாக்டர் சரோஜினி முதலில் தன் தலையைத்தான் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "வைங்க ராகவன்" என்றார். வைத்தேன். அவருடைய கட்டைவிரல் துள்ளியது. அதை யாரோ ஒருவருடைய விரலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு, "இன்னொரு தடவை" என்றார். அவரிடம் இருபது வருடம் வேலை பார்த்தேன். அவர் அதிகம் சொன்ன வார்த்தைகள் இவைதான். நான் தவறாக அளந்தால் திட்ட மாட்டார், முகம் சுளிக்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பதிவுத் தாளுக்காகக் கையை மட்டும் நீட்டுவார். அந்தக் கை நீள்வதற்குள் எனக்கு வியர்த்துவிடும்.

முதல் மாதத்தில் என் கைக்கடிகாரம் மூன்று முறை நின்றது. தாம்பரம் மார்க்கெட்டில் கடிகாரம் பழுது பார்ப்பவர் மூன்றாம் முறை திறந்து பார்த்துவிட்டு, இதில் காந்தம் ஏறிக்கொண்டே இருக்கிறது, சார் அப்படி எங்கேதான் வேலை பார்க்கிறீர்கள் என்று விசாரித்தார். மண்டையில் காந்தம் வைக்கிற வேலை என்றேன். அவர் அதற்குமேல் எதுவும் கேட்காமல் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எல்லாருடைய கடிகாரங்களும் ஒரு டிபன் டப்பாவில் அடுத்த அறைக்குப் போயின.

இனித் தொப்பி. வருபவரிடம் முதலில் கேள்விகள். வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் தகடு ஏதும் வைத்திருக்கிறார்களா, நெஞ்சில் கருவி உண்டா. ஒன்றுக்கு ஆம் என்றாலும் காபி கொடுத்து அனுப்பிவிடுவோம். பிறகு ஹேர்பின், கம்மல் எல்லாவற்றையும் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, மெல்லிய நீச்சல் தொப்பியை இறுக்கமாக மாட்டுவேன். மூக்கின் மேல்பள்ளத்திலிருந்து பிடரி மேடுவரை நாடாவால் அளந்து பாதியில் ஒரு கோடு. காதுக்குக் காது அளந்து பாதியில் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் உச்சி. அங்கிருந்து இடப்பக்கமாக இறங்கி, சென்டிமீட்டர் சென்டிமீட்டராகக் கட்டங்கள் வரைவேன். வலது ஆள்காட்டி விரலை மடக்கும் தசையின் மேல் இரண்டு சிறு தகடுகளை ஒட்டுவேன். ஒவ்வொரு கட்டத்திலும் காயிலை வைத்து விரல் துடிக்கிறதா என்று பார்ப்பேன். துடித்த கட்டத்தை வரைபடத் தாளில் கருப்பாக்குவேன். முடிவில் கிடைக்கும் கருப்பு நிலம்தான் அந்த விரலுக்கு மூளையில் உள்ள இடம். முடிச்சூர்ப் பக்கம் வயல்களுக்குக் கல் நட்டு மனை பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் மண்டையில் மனை அளந்துகொண்டிருந்தோம்.

கை தளர்ந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். கையை இறுக்கினால் துடிப்பு பெரிதாகிவிடும், மனையும் பெரிதாகத் தெரியும். அதற்காகவே தசையின் மின்சாரத்தை ஒலிபெருக்கியில் கேட்போம். தளர்ந்த கை மௌனமாக இருக்கும். இறுகிய கை தகரத்தில் தூறல் விழுவதுபோலச் சத்தம் போடும். மின்சார ரயில் போகும்போதும் ஒரு இரைச்சல் வரும். ரயில் போகும்வரை காயிலைத் தூக்கிக்கொண்டு நிற்பேன்.

ஆரோக்கியமான மனிதர் ஒருவர் ஒரு விரல் வேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டால், அந்த விரலுக்கு மூளையில் இடம் பெருகுமா? டாக்டர் கேட்ட கேள்வி இதுதான். வளர்ந்தவர்களின் மூளை அப்படியெல்லாம் மாறாது என்று நாங்கள் படித்த புத்தகங்கள் சொல்லியிருந்தன. ஒரு சின்ன மின்சாரக் கீபோர்டு வாங்கினோம். ஐந்து விரல்களாலும் ஒரு குறிப்பிட்ட வரிசையில், தாளத்துக்குத் தவறாமல் வாசிக்க வேண்டும். எல்லாருக்கும் முதல் நாள் வரிசையைச் சொல்லிக் கொடுத்து, ஒருமுறை வாசிக்க வைத்து, விரலின் இடத்தை அளப்போம். பிறகு டாக்டரின் தகர டப்பாவிலிருந்து ஒரு சீட்டு எடுப்பார்கள். சீட்டில் உள்ளபடி சிலர் தினமும் கீபோர்டு இருக்கும் கடைசி அறைக்குப் போவார்கள், சிலர் வீட்டுக்குப் போவார்கள். ஆறாம் நாள் எல்லாரையும் மறுபடி அளப்பேன்.

யாருக்கு என்ன சீட்டு என்று எனக்குத் தெரியக் கூடாது. டாக்டர் ஒரே ஒரு தடவை சொன்னார்: "தெரிஞ்சா உங்க கை பொய் சொல்லும் ராகவன். நீங்க சொல்லணும்னே இல்ல." கடைசி அறை எங்கள் பிரிவு நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டரின் பொறுப்பு. அந்தப் பக்கம் நான் போகவே கூடாது.

ஒரு சிக்கல் வந்தது. டைப்ரைட்டிங் பழகிய விரல் எங்களுக்கு உதவாது. அந்தக் காலத்தில் சேலையூரில் தெருவுக்கு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். பத்தாவது முடித்த பிள்ளைகள் லோயர் பரீட்சையாவது பாஸ் செய்திருப்பார்கள். விளம்பரம் பார்த்து வந்த இளைஞர்கள் எல்லாரையும் திருப்பி அனுப்பினோம். கடைசியில் ஸ்டெல்லா சிஸ்டர்தான் வழி சொன்னார். ஊழியர் குடியிருப்புக்குத் தினமும் மீன் கொண்டுவருபவர்களைக் கேட்கலாம் என்றார். கோவளத்துப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து பேருந்தில் கூடையோடு வரும் அஞ்சலை அக்காவும், அவருடைய நாத்தனார் வள்ளியும் அப்படித்தான் வந்தார்கள். சிஸ்டரின் சொல்லுக்காக இன்னும் சிலரும் வந்தார்கள்.

அஞ்சலை அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். தொப்பியை மாட்டியதும் முகம் பார்க்கக் கண்ணாடி கேட்டார். பார்த்துவிட்டு, வள்ளியிடம், "இன்னாடி, வறுக்கறதுக்கு முன்னாடி உரிச்ச எறா மாதிரி கீறேன்" என்றார். ஒலிபெருக்கியில் தூறல் சத்தம் பலமாகக் கேட்டது. சிரிக்கும்போது கை எங்கே தளரும். அளந்து முடிப்பதற்குள் காயில் சூடாகிக் கருவி தானாக நின்றுவிட்டது. ஆற வேண்டும் என்றேன். "இதுக்கா பேஜாரு? கூடையில ஐஸ் கீது சார், கொண்டாரட்டா?" என்றார். டாக்டர் சரோஜினி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது என் காரியத்துக்கு வருகிறேன்.

முதல் சில பேரை ஆறாம் நாள் அளந்தபோதே சிலருக்குக் கருப்பு நிலம் பெருகியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. சிலருக்குப் பழையபடியே இருந்தது. இவர் கடைசி அறைக்குப் போனவர், இவர் வீட்டுக்குப் போனவர் என்று நானே மனதுக்குள் கணிக்க ஆரம்பித்தேன். கணிப்பு சரியா என்று தெரியாமல் இருக்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றும்போது, பேச்சோடு பேச்சாக, அந்த அறைக்குப் போனீர்களா, வீட்டுக்கா என்று கேட்டுவிடுவேன். நம் ஊரில் ஒருவர் உங்கள் எதிரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அவரிடம் எதையும் கேட்கலாம்; அவரும் சொல்வார். பதினெட்டு பேரைக் கேட்டேன். பதினெட்டும் சரி. டாக்டருக்கே தெரியாத விஷயம் எனக்குத் தெரிகிறது என்ற கர்வம் தலைக்கேறியது. டைரியின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் கணக்கு வைத்திருந்தேன்.

பத்தொன்பதாவது ஆள் அஞ்சலை அக்கா. ஆறாம் நாள் அளந்தபோது அவருடைய நிலம் முன்பு இருந்ததைவிட ஒன்றரை மடங்கு ஆகியிருந்தது. கீபோர்டில் தவறும் குறைவு. எனக்குச் சந்தேகமே இல்லை. தினமும் அந்த அறைக்குப் போனீர்களா அக்கா என்றேன்.

"இல்ல சார். வள்ளிக்குத்தான் அந்த ரூமு. எனக்கு வூட்டுக்குப் போற சீட்டு வந்துச்சு."

வீட்டில் யாரிடமாவது கீபோர்டு இருக்கிறதா, ஆர்மோனியமாவது இருக்கிறதா என்று கேட்டேன். குப்பத்தில் ஆர்மோனியத்துக்கு எங்கே போவது என்றார். அப்படியானால் மேசையிலாவது விரலால் தட்டிப் பழகியிருப்பீர்கள் என்றேன். சிரித்த முகம் மாறிவிட்டது.

"தொடலன்னா தொடல சார். நேத்து புடிச்ச மீன இன்னிக்கு புடிச்சதுன்னு சொல்லி வித்தவ இல்ல நான். இதுக்கா பொய் சொல்லப் போறேன்?"

நான் நம்பவில்லை. பதினெட்டு சரியான கணிப்புக்குப் பிறகு என்னை நான் சந்தேகிப்பதைவிட ஒரு மீன்காரியைச் சந்தேகிப்பது சுலபமாக இருந்தது. பதிவுத் தாளில் குறிப்பு என்று ஒரு பகுதி உண்டு. காயில் சூடானது, ஆள் தூங்கிவிட்டார் போன்றவற்றை எழுதுவதற்கு. அதில், ரகசியமாகப் பயிற்சி செய்திருக்கிறார் என்று எழுதினேன்.

மறுநாள் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையை நீட்டினார். குறிப்பைப் படித்துவிட்டு, இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். சீட்டைப் பற்றி நான் கேட்டேன் என்று சொன்னால் நான் தொலைந்தேன். ஒரு கணம்தான் யோசித்தேன்.

"அவங்களே சொன்னாங்க மேடம்" என்றேன்.

அஞ்சலை அக்காவின் பதிவு ஆய்விலிருந்து நீக்கப்பட்டது. டாக்டர் அதோடு விட்டுவிட்டார். ஸ்டெல்லா சிஸ்டர் விடவில்லை. அழைத்து வந்தவர் அவர்தானே. குடியிருப்பு வாசலில், மீன் நிறுக்கும்போது, எல்லார் எதிரிலும், "நீங்களே ஒத்துக்கிட்டீங்களாமே அக்கா, சார் சொன்னார்" என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்த நர்சுகளில் ஒருத்தி, அப்போது இந்த வஞ்சிரமும் இன்றைக்குப் பிடித்ததுதானா என்று கேட்டுச் சிரித்திருக்கிறாள். அஞ்சலை அக்கா கூடையை எடுத்துக்கொண்டு போனவர்தான். அதன் பிறகு அந்தத் தெருவுக்கு வரவில்லை. வள்ளி மட்டும் வந்தாள். அதே குடியிருப்பில் இருந்த என் வீட்டுக்கு மீன் தர மாட்டேன் என்று என் மனைவியிடமே சொல்லிவிட்டாள். காரணம் புரியாமல் என் மனைவி வாரம் முழுவதும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன்பின் யாரிடமும் சீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. எல்லாரையும் அளந்து முடித்தபின் டாக்டரின் அறையில் சீட்டுகளைப் பிரித்தோம். டாக்டர் படிக்க, நான் எழுதினேன். சீட்டுகள் இரண்டு வகை என்றுதான் நான் நினைத்திருந்தேன். மூன்று வகை இருந்தன. கடைசி அறைக்குப் போனவர்களில் பாதிப் பேர் கீபோர்டைத் தொடவே இல்லை. அதன் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு, வாசிப்பதாக மனதில் நினைத்துப் பார்ப்பது மட்டும்தான் அவர்களுக்கு வேலை. என் வரைபடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். வாசித்தவர்களுக்கு நிலம் பெருகியிருந்தது. சும்மா நினைத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு பெருகியிருந்தது.

டாக்டர் வரைபடங்களை இன்னொரு தடவை அடுக்கிப் பார்த்தார். பிறகு, "வெறும் நினைப்புக்கே இடம் கொடுக்குதே ராகவன்" என்றார். அவ்வளவு மகிழ்ச்சியாக அவரை நான் பார்த்ததில்லை. எனக்கோ, தொடலன்னா தொடல சார் என்ற குரல் காதில் கேட்டது.

உடனே போயிருக்க வேண்டும். எட்டு மாதம் போகவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளம் பேருந்தில் ஏறினேன். குப்பத்தில் அஞ்சலை அக்கா வாசலில் வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் அவர் கணவர். என்னைப் பார்த்ததும் எழவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னேன். நீங்கள் சொன்னது நிஜம், நீங்கள் ஒத்துக்கொண்டதாக நான் சொன்னதுதான் பொய் என்றேன். பிறகு அந்த ஐந்து நாளும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

வள்ளி தினமும் பீற்றிக்கொண்டாளாம். அவளை ஆறாம் நாள் தோற்கடிக்க வேண்டும் என்று, பேருந்தில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வரும்போதும் போகும்போதும் அந்த வரிசையை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"மனசுலதான் அடிச்சுகினு இருந்தேன். தொட்டியான்னு கேட்ட, இல்லன்னேன். நெனச்சியான்னு நீ கேக்கல சார்."

நினைத்ததற்கே மூளையில் இடம் பெருகியிருக்கலாம், ஆனால் ஒருவரை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று விளக்கினேன்.  வலையின் மறுமுனையைப் பார்த்து, "இந்த ஆளு நாள் முச்சூடும் பிராந்திக் கடையவே நெனச்சுகினு கீறான். அப்போ இவன் மண்டைக்குள்ள இன்னா சார் கீது?" என்றார். கணவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அக்கா விடவில்லை.

"இங்க வந்து சொன்னா மீனுக்கா கேக்கும்? சிரிச்சவளுங்க அங்க கீறாளுங்க. அங்க வந்து சொல்லு."

மறுநாள் காலை குடியிருப்புத் தெருவில் அவர் கூடையை இறக்கிவைத்து, சிஸ்டர்களை எல்லாம் கூப்பிட்டு, என்னை நடுவில் நிறுத்தினார். சொன்னேன். குரல் எழும்பவில்லை. "சத்தமா சார், மாடி வூட்டுக்கும் கேக்கணும்" என்றார். மாடிக்கும் கேட்கச் சொன்னேன். வஞ்சிரத்தைப் பற்றிக் கேட்டவள் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு கிலோ நிறுக்கச் சொன்னாள். அஞ்சலை அக்கா அன்று முதல் மறுபடி அந்தத் தெருவுக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கும் மீன் வந்தது.

மதியத்துக்குள் விஷயம் டாக்டருக்குப் போய்விட்டது. கூப்பிட்டார். இதுபோலச் சீட்டைப் பற்றி எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்று கேட்டார். எல்லாரையும் சொன்னால் ஆய்வே போய்விடும். இரண்டு வருட உழைப்பு. அவருடைய உழைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்; உண்மையில் பயம்தான். அஞ்சலை அக்காவிடம் மட்டும்தான் மேடம் என்றேன். அவர் அதை நம்பினார். ஒருவருடைய அளவை மட்டும் விலக்கியதாக ஒரு வரி சேர்த்து, கட்டுரை ஓர் ஆய்விதழில் வந்தது. அதில் என் பெயரும் இருந்தது. வீட்டில் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்கள். நான் மாட்டவில்லை.

என் கை உண்மையில் பொய் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. விடையைக் கேட்டது எப்போதும் அளந்த பிறகுதான். ஆனால் பதினெட்டு சரியான விடைகளுக்குப் பிறகு, யாருக்கு எவ்வளவு இருக்கும் என்று என் கைக்கு ஓர் எதிர்பார்ப்பு இருந்திருக்கும். பிறகு வேறு ஊர்களில் செய்தவர்களுக்கும் அதே மாதிரி முடிவு கிடைத்தது என்று படித்து நிம்மதியடைந்தேன். அந்த நிம்மதி எனக்கு உரியதல்ல.

இவ்வளவையும் எழுதி முடித்து, மலருக்குக் கொடுப்பதற்கு முன் முடிச்சூருக்குப் போனேன். டாக்டர் சரோஜினி அங்கே ஓர் அடுக்குமாடியில் மகளோடு இருக்கிறார். எண்பத்தைந்து வயது. கண் மங்கிவிட்டதால் நானே படித்துக் காட்டினேன். தொப்பி, ஐஸ் எல்லாம் வந்தபோது சிரித்தார். பதினெட்டு பேர் வந்தபோது சிரிப்பு நின்றது. படித்து முடித்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

மகளைக் கூப்பிட்டு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவரச் சொன்னார். அந்த ஆய்விதழ் இன்னும் வருகிறது, ஆசிரியருக்கு ஒரு திருத்தக் கடிதம் எழுத வேண்டும் என்றார். வார்த்தை வார்த்தையாகச் சொன்னார், நான் எழுதினேன். அளந்தவர் விதியை மீறினார் என்ற இடத்தில் என் பெயரைப் போடச் சொன்னார். போட்டேன். விதியை மீறி விசாரிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

பத்தொன்பது என்று சொல்லிக்கொண்டே எண்ணைப் போட்டேன்.

"எழுத்தாலும் எழுதுங்க" என்றார்.